பழைய காரின் காற்றுப் பம்பு



இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த காரைக் காலையில் கிளப்பியவுடன், முன்புறத்திலிருந்து தூசி உறிஞ்சும் கருவி இரைவது போன்ற ஓர் ஓசை எழுந்து, ஒன்றரை நிமிடத்திற்குள் தானே அடங்கிவிடுவதை உங்களிற் சிலர் கவனித்திருக்கக்கூடும். எல்லாக் கார்களிலும் இவ்வோசை கேட்பதில்லை. குர்லாவில் உற்பத்தியாகி, நெடுங்காலம் மும்பையின் டாக்சியாக ஓடி, 2023 அக்டோபரில் அத்தொழிலினின்று விடைபெற்ற பிரீமியர் பத்மினியில் இது கிடையாது. இருபது வயதைக் கடந்த ஐரோப்பிய பெட்ரோல் கார்கள் சிலவற்றில் உண்டு. என்னுடைய காரும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. ஓசைக்குக் காரணம் ஒரு சிறு காற்றுப் பம்பு. அது பழுதானால் கார் நிற்பதில்லை, வேகமும் குறைவதில்லை. ஆகவேதான் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை.

அதன் வேலை என்ன? குளிர்ந்த இஞ்சினுக்குப் பெட்ரோல் சற்று மிகுதியாகவே ஊட்டப்படுகிறது. அதில் ஒரு பகுதி எரியாமலும், ஒரு பகுதி அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவாகவும் வெளியேறுகிறது. இவற்றைத் தூய்மை செய்யவே கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. நம் நாட்டில் 1995 ஏப்ரல் முதல் நான்கு பெருநகரங்களின் புதிய பெட்ரோல் கார்களில் அது கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் அக்கருவி ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி வரை சூடேறினாலன்றி வேலை செய்யாது. அதுவரையுள்ள இடைவெளியை நிரப்புவதே பம்பின் கடமை. புகை வெளியேறும் வாயிலருகே புதிய காற்றைச் செலுத்தினால், எரியாத மிச்சம் அங்கேயே எரிகிறது. அந்தச் சூட்டினால் கன்வெர்ட்டரும் விரைவில் விழித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1966-ஆம் ஆண்டு மாடல்களுக்குப் புகை வரம்பு விதித்தபோது, பெல்ட்டினால் சுழலும் பம்புகள் அங்கே பரவின. பின்னாளில் அவை மின்சாரப் பம்புகளாயின.

சென்ற மழைக்காலம் முடிந்த சில நாட்களில் என் காரில் அவ்வோசை நின்றது. கூடவே இஞ்சின் விளக்கும் எரிந்தது. முதலில் சென்ற காரேஜில், கருவியைச் செருகிப் பார்த்து, பி 0410 என்ற குறி வருவதாகவும், பம்பைக் கழற்றிவிட்டு வாயிலைத் தகடு கொண்டு அடைத்துவிடலாம் என்றும் சொன்னார்கள். “பி.யு.சி. சோதனையில் தெரியவே தெரியாது, சார்” என்பது அவர்கள் தந்த உறுதி. அது பொய்யன்று. இஞ்சின் நன்கு சூடான பிறகு, நிறுத்திய நிலையில் ஓடவிட்டுத்தானே சோதிக்கிறார்கள்? முதல் நிமிடத்துப் புகையை அச்சான்றிதழ் காண்பதில்லை. ஆனால் மாதுங்காவில் எங்கள் கட்டடத்துக் கார்கள் நிற்பது தரைத்தளத்துச் சன்னல்களுக்கு நேரெதிரில். அச்சன்னலொன்றின் உட்புறம் ஒரு கைக்குழந்தையின் தொட்டில் இருக்கிறது. சுத்திகரிப்பு ஆலைகளும் உரத்தொழிற்சாலையும் சூழ்ந்த செம்பூரைக் ‘காஸ் சேம்பர்’ என்று கசப்போடு சொல்லுகிற நாம், நம் வாசலில் அதையே செய்வது என்ன நியாயம்? தகட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு காரைப் பார்த்தவர் தாராவியில் 90 அடிச் சாலைக்குப் பக்கத்தில் தொழில் செய்யும் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி. குறி சொன்னதை மட்டும் நம்பிப் பம்பை வாங்காதீர்கள் என்றார் அவர். முதலில் ஃபியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பச் செய்து, பம்பின் செருகியில் மின்சாரம் வருகிறதா என்று சோதனை விளக்கு வைத்துப் பார்த்தார், விளக்கு எரிந்தது. ஆகவே ரிலேயும் கம்பியும் மின்சாரத்தைக் கொடுக்கின்றன. பின்பு தடித்த கம்பியால், இடையில் ஒரு ஃபியூஸ் வைத்து, பாட்டரியிலிருந்து நேராகப் பம்புக்குக் கொடுத்தார். முனகல்கூட இல்லை. பம்பு இறந்ததென்பது அப்போதுதான் உறுதியாயிற்று.

அத்துடன் அவர் நிறுத்தவில்லை. ஏன் இறந்தது என்று தேடினார். பம்பிலிருந்து செல்லும் ரப்பர்க் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டபோது, ஈரமும் கரியும் ஒட்டிக்கொண்டு வந்தன. சுத்தமான காற்று மட்டுமே செல்லவேண்டிய குழாயில் கரி எப்படி வந்தது? காற்றை முன்னோக்கி மட்டும் விட்டு, புகையைத் திரும்பவிடாமல் தடுக்க ஓர் ஒருவழி வால்வு உண்டு. அது கசிந்தால், நீராவி கலந்த புகை பின்னோக்கி வந்து பம்பினுள் குளிர்ந்து நீராகி, தாங்கியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. என் காரில் நேர்ந்தது அதுவே. இந்நிலையில் புதுப் பம்பை மட்டும் பொருத்தினால், அதுவும் முந்தையதைப் போலவே மாளும், செலவுதான் இரட்டிப்பாகும். எனவே வால்வையும் சேர்த்து மாற்றினோம். ரிலேயையும் மாற்றிவிடுவது நலம். அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால் பம்பு ஓயாமல் ஓடிக் கருகிவிடும்.

புதுப் பம்பின் விலை என் கைக்கு எட்டவில்லை. குர்லாவின் சி.எஸ்.டி. சாலையில் பழைய உறுப்புக் கடைகள் வரிசையாக உள்ளன, அங்கே தேடினோம். பழைய பம்பு வாங்குவோர் அதைக் காதருகே குலுக்கிப் பார்க்கவேண்டும். உள்ளே நீர் அசைந்தாலோ, உடைந்த துண்டு சலசலத்தாலோ கீழே வைத்துவிடலாம். கடைக்காரரின் பாட்டரியிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லவேண்டும். கிறீச்சிடாமல் ஒரே சீராக இரைய வேண்டும். வால்வை மாத்திரம் பழையதாக வாங்கக்கூடாது.

பொருத்துவது கடினமன்று. இஞ்சின் ஆறிய பின், பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்கவேண்டும். பம்பைத் தாங்கும் ரப்பர்த் துண்டுகள் வெடித்திருந்தால், ஓசை கார் முழுவதும் அதிரும், அவற்றையும் மாற்றுக. குழாயில் கீறல் இருத்தல் ஆகாது. குறியை அழித்த பின் அன்றே தீர்ப்புச் சொல்லக்கூடாது. இரவு முழுதும் காரை ஆறவிட்டு, அடுத்த இரண்டு மூன்று காலைகள் பார்க்கவேண்டும். பம்பு இரைந்தும் பி 0411 என்று வந்தால், காற்று போதிய அளவில் போய்ச் சேரவில்லை என்று பொருள். குழாயிலும் வால்விலும் தேடவேண்டும்.

மும்பைக்காரருக்கு மற்றொரு சொல். பல கார்களில் இப்பம்பு தாழ்வான இடத்தில் இருக்கிறது. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததே, அத்தகைய பெருவெள்ளம் தேவையில்லை. கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் அருகே ஆண்டுதோறும் தேங்கும் நீரே போதும். அத்தகைய நீரில் கார் இறங்க நேர்ந்தால், மறுநாள் காலை முதல் நிமிடத்தில் வானொலியைச் சற்று நிறுத்திவிட்டு, அந்த இரைச்சல் வருகிறதா என்று கேளுங்கள்.