வெயிலில் நம் பங்கு

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

எம். புதுப்பட்டி வட்டாரத்தில் நமக்குக் குறைவின்றிக் கிடைத்த செல்வம் ஒன்று உண்டு, அது வெயில். மழை பொய்த்து மானாவாரி நிலம் கைவிட்டபோது, வறண்ட காற்றையும் வெயிலையும் நம்பியே தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் இங்கு வேரூன்றின. வெயில் தொழிலை அழைத்தது. வறுமை நம்மை அத்தொழிலுக்குள் தள்ளியது. இன்று அதே வெயிலை நாடி வேறொரு தொழில் வருகிறது. சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் தொழில் அது. இம்முறை நாம் எவ்விடத்தில் நிற்கப்போகிறோம் என்பதே இன்றைய கேள்வி.

பழைய தொழில் தந்ததையும் பறித்ததையும் நேர்மையாகக் கணக்கிடுவோம். நம் அடுப்பு எரிந்தது அதனால்தான். ஆனால், பள்ளிக்குச் செல்லவேண்டிய பிள்ளைகளின் கைகள் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கின. சிவகாசிச் சிறார் உழைப்புப் பற்றிய வழக்கில், அபாயத் தொழிலில் சிறுவரை அமர்த்தியோர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்தவேண்டும் என்று 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 உயிர்கள் மாண்டன.

2018 அக்டோபர் 23 அன்று அதே நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடுத்து, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் இசைவு தந்தது. காற்று தூய்மை பெறவேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை; மருந்துத் தூளை முதலில் சுவாசிப்பவர் நாமே. ஆனால், ஆலை மூடிய நாள்களில் கூலியிழந்தவரும் நாமே. நன்மை அனைவர்க்கும், இழப்பு கூலிக்காரர்க்கு என்று முடிந்த அந்தப் பாடத்தை நாம் மறத்தல் ஆகாது.

பட்டாசின் புகை வேறு, உலகைச் சூடாக்கும் கரியமில வாயு வேறு என்பதையும் அறிதல் வேண்டும். பின்னது பெரும்பாலும் நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் பெருகுவது. இந்தியர் ஒருவர் சராசரியாக வெளியிடும் அளவு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவே. அதிலும் ஒற்றை விளக்கு எரியும் நம் வீடுகளின் பங்கு மிகச் சிறிது. எனினும் மழை தவறினால் முதலில் வாடுவது நிலமற்ற கூலிக்காரரின் குடும்பம். 2070க்குள் நிகர வெளியீட்டைச் சுழியமாக்குவோம் என்று 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்தது. அப்பயணத்தில் நமக்கும் அக்கறை உண்டு.

அப்படியாயின் வளர்ச்சியைக் கைவிடுவதா? அன்று. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தவர். மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது. வறுமையிலிருந்து மக்களை மீட்கத் தொழில் வளர்ச்சி வேண்டும், அதற்கு மலிவான மின்சாரம் ஏராளமாக வேண்டும் என்று 1943இல் அவர் எடுத்துரைத்தார். மின்சாரம் எவர் வறுமையைத் தீர்க்கிறது என்பதே அவர் கையில் இருந்த அளவுகோல். நாமும் அவ்வளவுகோலாலேயே புதிய தொழிலை அளப்போம்.

அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தில், கமுதிக்கருகே 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்நிலையம் 2016இல் அமைந்தது. அது கரியைக் குறைக்கிறது, போற்றுவோம். ஆனால், அங்கே பலகைகளைத் துடைப்பவையும் தானியங்கிக் கருவிகளே. கட்டும்போது பலர்க்கு வேலை. கட்டி முடித்தபின் சிலர்க்கே வேலை. ஆகவே, நிலத்தை விற்றுவிட்டுக் கூலிக்குக் காத்திருந்தால் வெயிலும் பிறர் உடைமையாகும்.

நாம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, நிலம். பஞ்சமி நிலமாயினும் பட்டா நிலமாயினும் அதன் பத்திரங்களைத் தேடி எடுத்துக் காப்போம். தரிசு என்று எவரேனும் மலிவாகக் கேட்டால் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதிருப்போம். 2019இல் தொடங்கிய குசும் திட்டம், உழவர்கள் கூட்டாகவும் கூட்டுறவுச் சங்கமாகவும் தம் தரிசில் சிறு மின்நிலையம் அமைக்க வழி வகுத்தது. நிலத்தைக் குத்தகைக்கு விடவும் அதில் இடமிருந்தது. நிலத்தை விற்பது ஒன்றே வழியன்று என்பதற்கு இது சான்று.

இரண்டாவது, கூரை. 2024இல் வந்த சூரியவீடு திட்டம் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவித்தது. ஆனால், இலவச மின்சார அளவுக்குள் அடங்கும் சிறு வீட்டுக்கு அதனால் பெரும் மிச்சமில்லை. எனவே வீட்டுக்கு வீடு கடன்பட வேண்டியதில்லை. நம் கழகக் கட்டடமும் படிப்பகமும் போன்ற பொதுக் கூரைகளிலிருந்து தொடங்குவோம். மின்கட்டணத்தில் மிஞ்சுவது மாணவர் உதவிநிதிக்குச் சேரட்டும்.

மூன்றாவது, கல்வி. ஐ.டி.ஐ.யில் மின்பணியாளர் பிரிவில் நம் பிள்ளைகள் சேரட்டும்; பெண்மக்களும் சேரட்டும். பலகை பொருத்தவும், பழுது பார்க்கவும், ஒப்பந்தம் எடுக்கவும், வரைபடம் தீட்டவும் கற்றவர் தெருவுக்கொருவர் எழுந்தால், வெளியூரார் வந்து செய்யும் வேலை நம் கைக்கு வரும்.

இளைஞர்களே! வெயிலில் உழைத்தே நம் முன்னோர் கருகினர். அவ்வெயிலை ஆளும் அறிவை நீங்கள் பெறவேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இக்கழகம் பிள்ளைகளை ஆபீசிலிருந்து பள்ளிக்கு அழைத்தது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் பள்ளியிலிருந்து உடைமைக்கு அழைத்துச் செல்லட்டும்.