சோதனையே கேட்கும் கூடுதல் தகுதி



பத்து நிமிடம்தான் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே என் தொழிலிலிருந்து ஒரே ஒரு விஷயம்.

சி++ மொழியில் பொது லைப்ரரி எழுதுகிறவனுக்கு, அதை யார் எந்த வகை டேட்டாவோடு பயன்படுத்துவார்கள் என்று தெரியாது. அதனால் இரண்டு காவல் போடுகிறான். கம்பைல் ஆகும்போதே, "இந்த வகைக்கு இன்னின்ன செயல் தெரிந்திருக்க வேண்டும்" என்பது ஒன்று. இது 2020 தரத்தில் 'கான்செப்ட்' என்று வந்தது. ஓடும்போது, "கொடுத்த டேட்டா ஒழுங்கா?" என்று பார்ப்பது இன்னொன்று. இந்தக் 'கான்ட்ராக்ட்' 2019-இல் வரைவிலிருந்து நீக்கப்பட்டு, 2025 பிப்ரவரியில் சி++26 வரைவில் மறுபடி சேர்ந்தது.

இரண்டும் தனித்தனி என்று நினைக்கிறோம். இல்லீங்க!

'லோயர் பவுண்ட்' என்ற தேடலை எடுத்துக்கொள்ளுங்கள். பி.டி. மாஸ்டர் பையன்களை உயர வாரியாக நிறுத்தி, கையில் கம்போடு, "இதைவிடக் குட்டை எதுவரைக்கும்?" என்று பார்ப்பாரே, அதேதான். பையனைக் கம்போடு அளந்தால் போதும். பையனைப் பையனோடு அளக்க வேண்டாம். மாணவர் பதிவுகளில் ஒரு எண்ணைத் தேடினாலும், பதிவையும் எண்ணையும் ஒப்பிடத் தெரிந்தால் போதும்.

"பதிவுகள் வரிசையாக இருக்கின்றனவா?" என்று ஒருவர் சோதனை சேர்க்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் அது பதிவைப் பதிவோடு ஒப்பிடும். அந்த ஒப்பீடு இல்லாத, நேற்றுவரை ஒழுங்காக ஓடிய புரோகிராம் இன்று கம்பைலே ஆகாது. நான் அறிந்த ஒரு நிறுவனத்தில், லைப்ரரியைப் புதுப்பித்த மறுநாள் மூன்று குழுக்களின் வேலை நின்றது. சோதனையை அணைத்துவிடலாமே என்பீர்கள். பழைய 'அசெர்ட்' மேக்ரோவை அணைத்தால் நிபந்தனையே மறைந்துவிடும். சி++26-இல் அணைத்தாலும் கம்பைலர் அதைச் சரிபார்க்கும்.

தேவையானதை மட்டும் கேட்பதே வழி. கம்பைவிடக் குட்டையானவர்கள் முன்னால், மற்றவர்கள் பின்னால். தரம் கேட்பதும் அவ்வளவுதான். ஜிஎன்யூ லைப்ரரியின் டீபக் முறை சோதிப்பதும் அதையே. (அதற்கும் செலவு உண்டு: 10 லட்சம் பதிவில் தேடலுக்குச் சுமார் 20 ஒப்பீடு, சோதனைக்கோ 10 லட்சம்.)

"ஒப்பிட முடிந்தால் மட்டும் சோதி" என்றும் எழுதலாம். எனக்கு அதில் அவ்வளவு பிடிப்பில்லை. எந்த வகைக்குச் சோதனை நடந்தது, எதற்கு நடக்கவில்லை என்று பயன்படுத்துகிறவருக்குத் தெரியாமலே போகும்.

தம்பி தங்கைகள் இன்றைக்கே செய்து பார்க்கலாம். கான்செப்ட் கேட்கும் செயல்கள் மட்டும் உள்ள, வேறெதுவும் தெரியாத ஒரு வகையை எழுதுங்கள். சோதனைகளோடு சேர்த்து அதைக் கம்பைல் செய்யுங்கள். எந்த வரியில் பிழை வருகிறதோ, அந்தச் சோதனைதான் சொல்லாமல் கூடுதலாகக் கேட்கிறது.