தரிசு என்று யார் சொன்னது?



எத்தியோப்பியாவின் மேற்கெல்லையில், தெற்கு சூடானை ஒட்டி இருக்கிறது காம்பெல்லா. பாரோ ஆறு பாயும் சமவெளி. ரோஜாப்பூ வணிகத்தில் உலகப் பெயர் பெற்ற பெங்களூரு நிறுவனம் கருதூரி குளோபல் அங்கே நிலம் கேட்டுப் போனது. முதலில் 3 லட்சம் ஹெக்டேர் என்று பேச்சு. 2010-இல் எத்தியோப்பிய அரசுடன் எழுதிய குத்தகையில் 1 லட்சம் ஹெக்டேர். ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஏக்கர். 50 ஆண்டுக் குத்தகை. வாடகை எவ்வளவு தெரியுமா? ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 20 பிர். அன்றைய நம் பணத்தில் அறுபது ரூபாய்கூட இல்லை!

யாரும் பயன்படுத்தாத தரிசு அது என்றது அரசு. அந்நாட்டுச் சட்டப்படி நிலம் அரசுடையது. உழவருக்கு உழும் உரிமை உண்டு, விற்கும் உரிமை இல்லை. ஆனால் அங்கே வாழும் அனுவாக் மக்கள் ஒரு புனத்தில் சில ஆண்டு விதைப்பார்கள், பிறகு அதை ஆறப்போட்டு அடுத்த புனத்துக்குப் போவார்கள். நுவேர் மக்கள் கோடையில் மாடுகளை ஆற்றோரம் ஓட்டி வருவார்கள். ஆறப்போட்ட புனமும் மேய்ச்சல் தரையும் பட்டாவில் ஏறுவதில்லை. பட்டாவில் இல்லாததால் அங்கே ஆளே இல்லை என்று ஆகிவிடுமா?

அதே ஆண்டுகளில் காம்பெல்லாவில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை அரசு புதிய ஊர்களுக்கு மாற்றியது. பள்ளியும் மருத்துவமனையும் தருவதற்கே என்றது. குத்தகைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும் சொன்னது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பின் 2012 அறிக்கையோ, பலர் மிரட்டி அனுப்பப்பட்டார்கள், போன இடத்தில் சோற்றுக்கே வழியில்லை என்று எழுதியது.

நிறுவனமாவது செழித்ததா? 2011-இல் பாரோ பெருகி வந்து மக்காச்சோளத்தை மூழ்கடித்தது. மழைக்காலத்தில் அந்த ஆறு எதுவரை ஏறும் என்பது கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். குத்தகை பேசியபோது அவர்களுக்கு அங்கே இடமில்லை. 1,200 ஹெக்டேர்தான் பண்படுத்தினீர்கள் என்று சொல்லி, 2015 இறுதியில் அரசே குத்தகையை ரத்து செய்தது.

காம்பெல்லாவில் மட்டுமல்ல, மடகாஸ்கரிலும் இப்படித்தான். அங்கே தென்கொரியாவின் தேவூ நிறுவனத்துக்கு 13 லட்சம் ஹெக்டேர் போகிறது என்ற செய்தி 2008-இல் வெளிவந்தது. மறு ஆண்டு அந்நாட்டு அதிபர் பதவி இழந்ததற்கு, அதனால் எழுந்த மக்கள் கொதிப்பும் ஒரு காரணம்.

இந்தியாவில் 2013-இன் நிலமெடுப்புச் சட்டப்படி, தனியார் நிறுவனத்துக்காக அரசு நிலம் எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினர் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும். நம் உழவர் போராடிப் பெற்ற அந்த உரிமை, கடல் தாண்டியதும் காலாவதியாகலாமா? இங்கே பதிவான நிறுவனம் எந்த நாட்டில் நிலம் எடுத்தாலும் அங்கே குடியிருப்போரின் சம்மதம் பெற வேண்டும். பெறாவிட்டால் நம் வங்கிகள் கடன் தரக்கூடாது. நாடாளுமன்றம் இதைச் சட்டமாக்கக் கோரி, இந்த அவை இன்றே தீர்மானம் நிறைவேற்றட்டும்!