ஆளுக்கு ஒரு சுரம்



ஆசிய நாடுகளின் மரபிசையை வகுப்பறைக்குள் கொண்டுபோவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். மங்கோலியாவின் தொண்டைப்பாட்டில் தொடங்கி ஜப்பானின் அரசவை இசை வரை பட்டியல் போட்டால் மதிய உணவு வரைக்கும் பேசலாம். அதனால் பிள்ளைகளுக்கு ஒரு பயனும் இல்லை. ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு அதில் கொஞ்சம் ஆழமாகப் போவோம். நான் எடுத்துக்கொண்டது இந்தோனேசியா.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிற நாட்டுப் பண்பாடு என்றாலே நம் பள்ளிகளில் அது மாறுவேடப் போட்டியாக மாறிவிடுகிறது. ஒரு பிள்ளைக்குக் கிமோனோ, இன்னொன்றுக்குச் சீனத் தொப்பி. படம் எடுத்தவுடன் முடிந்தது. அந்த மக்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பது அந்த உடையில் இல்லை. இசையில் ஓரளவு இருக்கிறது.

மேற்கு ஜாவாவின் சுண்டா மக்களிடம் அங்க்ளுங் என்ற மூங்கில் கருவி உண்டு. ஒரு சட்டகத்தில் இரண்டு மூன்று மூங்கில் குழாய்கள் தொங்கும். ஆட்டினால் ஒலிக்கும். ஒரு கருவிக்கு ஒரே ஒரு சுரம்தான். எனவே தனி ஒருவர் ஒரு அங்க்ளுங்கை வைத்துக்கொண்டு பாட்டு வாசிக்க முடியாது. பாட்டு வேண்டுமானால் ஊரே சேர வேண்டும். நெல் விதைப்போடும் அறுவடையோடும் நெல் தெய்வத்துக்கான சடங்குகளோடும் வளர்ந்த கருவி இது. 1938-இல் தாயெங் சுதிக்னா என்பவர் இதை ச, ரி, க, ம என்ற ஏழு சுரங்களும் வரும்படி மாற்றி அமைத்தார். அவர் யார் தெரியுமா? பள்ளி ஆசிரியர். அவருடைய மாணவர் உஜோ என்பவர் 1966-இல் பாண்டுங் நகரில் தொடங்கிய இசைக்கூடத்தில் இன்றும் பார்வையாளர் ஒவ்வொருவர் கையிலும் ஓர் அங்க்ளுங்கைக் கொடுத்துவிடுகிறார்கள். நடத்துநர் கை முத்திரை காட்டக் காட்ட, இதற்கு முன் இசையே கற்காதவர்கள் சேர்ந்து ஒரு பாட்டை வாசித்து முடிக்கிறார்கள்.

நம் ஆண்டு விழாவை நினைத்துப் பாருங்கள். மேடை ஏறுவது எப்போதும் அதே ஐந்தாறு பிள்ளைகள். வெளியே பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகள். மற்ற முப்பத்தைந்து பேர் கைதட்டுகிறவர்கள். அங்க்ளுங்கில் கடைசி வரிசைப் பையன் தன் சுரத்தை விட்டுவிட்டால் பாட்டில் ஓட்டை விழும். அவன் அங்கே வேண்டியவன். பத்து ஆண்டுப் பள்ளி வாழ்க்கையில் ஒருமுறைகூட அப்படி வேண்டியவனாக இல்லாமல் வெளியேறும் பிள்ளைகள் நம்மிடம் எத்தனை பேர்?

அடுத்தது கமெலான். வெண்கலத் தகடுகளும் தொங்கும் பெரிய காங்குகளும் கொண்ட குழு. இதை முதன்முதலில் கேட்கும் பிள்ளைகள், "சார், சுருதியே சேரவில்லை" என்பார்கள். நல்ல கேள்வி, அங்கேயே நின்று பேசுங்கள். கமெலானில் சிலெந்த்ரோ, பெலோக் என இரண்டு சுர அமைப்புகள். சிலெந்த்ரோவில் ஐந்து சுரம். உடனே நமக்கு மோகனம் நினைவுக்கு வரும். ஆனால் சிலெந்த்ரோவின் ஐந்து சுரங்களும் ஏறக்குறைய சம இடைவெளியில் நிற்பவை. ஆர்மோனியத்தில் தேடினால் அகப்படாது. ஒரு ஊர்க் குழுவின் சுருதி அடுத்த ஊர்க் குழுவோடுகூடச் சேராது. பாலித் தீவிலோ ஒரே சுரத்துக்கான இரண்டு கருவிகளை வேண்டுமென்றே சற்று விலக்கிச் சுருதி வைக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது ஓர் அதிர்வு எழும். அதற்கு அவர்கள் வைத்த பெயருக்கு 'அலை' என்று பொருள். நம் காதுக்குப் பிழையாகப் பட்டது அவர்களுக்கு உயிர்.

இந்தக் கருவிகளை யாரும் தாண்டிப் போகமாட்டார்கள். காலணியைக் கழற்றிவிட்டுத்தான் வாசிக்க உட்காருவார்கள். இதைச் சொல்லிவிட்டு, "நம் ஊரில் எந்தக் கருவியை இப்படி மதிக்கிறோம்?" என்று கேட்டால் வீணை, மிருதங்கம் என்று பதில் வரும். பறை வராது. பறை அடிக்கும் வீட்டுப் பிள்ளை அதே வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லி எழுப்பாதீர்கள். நல்லெண்ணத்தோடு செய்தாலும் அது காயம்தான். தோலைத் தீயில் காய்ச்சி விறைப்பாக்குவதையும், அடிக்குச்சிக்கும் சுண்டுக்குச்சிக்கும் தனித்தனி வேலை இருப்பதையும் நீங்களே சொல்லுங்கள், காங்கைப் பற்றிச் சொன்ன அதே குரலில். கை உயர்ந்தால் உயரட்டும்.

கமெலான் ஒலிக்கத்தான் ஜாவாவின் தோல்பாவைக் கூத்தும் நடக்கிறது. வயாங் கூலித் என்பார்கள். மகாபாரதம், இராமாயணம் இரண்டும் உண்டு. இந்த இடத்தில் நமக்கு ஒரு பழக்கம் வந்துவிடும்: "எல்லாம் இங்கிருந்து போனதுதான்" என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிடுவது. கதை போனது உண்மை. ஆனால் அவர்கள் கூத்தில் செமார் என்ற கோமாளி வருகிறார். வியாசரிடம் அவர் இல்லை. பாண்டவர்களுக்கே புத்தி சொல்லும் வேலைக்காரர் அவர். நம் தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அப்படித்தான், எந்த இராமாயணத்திலும் இல்லாமல் மேடைக்கு வந்து ஊர்ப் பேச்சுப் பேசுகிறார்கள். பெரிய கதை எங்கே போனாலும் ஊர்க்காரர் ஒருவர் அதற்குள் நுழைந்துவிடுகிறார் போலும். தமிழாசிரியர்கள் இதை ஒரு பாடவேளைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

"கருவிக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். டம்ளர் போதும். ஜாவாவில் சுரங்களை எண்ணால் எழுதுவார்கள்; சிலெந்த்ரோவுக்கு 1, 2, 3, 5, 6. நான்கு எங்கே என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். "அந்த இசைக்கு அது வேண்டியதில்லை" என்று சொல்லிவிடுங்கள். ஐந்து டம்ளரில் வெவ்வேறு அளவு தண்ணீர், ஐந்து பிள்ளைகள், ஆளுக்கு ஒரு எண். கரும்பலகையில் எட்டு எண்களை எழுதுங்கள். எட்டாவது எண்ணில் ஆறாவது பிள்ளை ஒரு பெரிய தட்டை அடிக்கட்டும். காங்கின் இடம் அதுதான்: சுற்றின் முடிவு. நம் தாளத்தில் சமம் தொடக்கத்தில் நிற்கும்; அங்கே கனம் முடிவில் விழுகிறது. நாலைந்து முறை சுற்றி வந்தால் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அறிவியல் ஆசிரியருக்கும் இதில் வேலை உண்டு. டம்ளரைத் தட்டினால் தண்ணீர் கூடக் கூட ஒலி தாழும். பாட்டிலின் வாயில் ஊதினால் தண்ணீர் கூடக் கூட ஒலி உயரும். ஒன்றில் அதிர்வது பாத்திரமும் தண்ணீரும், மற்றதில் அதிர்வது மேலே உள்ள காற்று. விடையை முன்கூட்டியே சொல்லாமல் இரண்டையும் செய்யவிடுங்கள். வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடும். டம்ளர்களைச் சத்துணவுக் கூடத்தில் கேட்டு வாங்கலாம். கழுவி, எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை தரமாட்டார்கள்.