சூரைச்செடியின் அடியில் ஒரு மறுதொடக்கம்

(பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு – வானொலி மறையுரை)



கர்மேல் மலையில் பெருவெற்றி கண்ட இறைவாக்கினர் எலியா, ஈசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடுகிறார். பெயேர்செபாவில் தம் பணியாளரை விட்டுவிட்டு, பாலைநிலத்தில் தனியே ஒரு நாள் நடக்கிறார். ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, இனிப் போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்ற பொருளில் ஆண்டவரிடம் மன்றாடிவிட்டு உறங்கிப்போகிறார். இதுதான் இன்றைய முதல் வாசகம்.

நம் இல்லங்களிலும் 'போதும்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கடனுக்கு வட்டி கட்டியே களைத்த தந்தை, படுக்கையில் கிடக்கும் தாயை ஆண்டுக்கணக்கில் கவனிக்கும் மகள், தேர்வு முடிவைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளை. அவர்களுக்காகவே இன்று பேசுகிறேன்.

கணினி அசையாமல் நின்றுவிட்டால், அணைத்துவிட்டு மீண்டும் போடச் சொல்கிறார்கள் நம் இளையோர். அப்போது உள்ளே என்ன நடக்கிறது? கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம், மின்சாரம் நின்றதும் வெறுமையாகிவிடும். ஆனால் மற்றொரு சில்லில் சிறியதொரு நிரல் அழியாமல் இருக்கும். மின்சாரம் வந்ததும் அதுவே முதலில் விழிக்கிறது. நினைவகம் சரியா, மற்ற பாகங்கள் சரியா என்று சோதிக்கிறது. பிறகு வட்டில் உள்ள பெரிய நிரலைத் தேடி எழுப்புகிறது.

இதை 'பூட்' செய்வது என்கிறோம். தன் காலணி வாரைப் பிடித்துத் தன்னையே தூக்கிக்கொள்வதைச் சொல்லும் பழைய ஆங்கில வழக்கிலிருந்து வந்த சொல் அது. அப்படித் தூக்கிக்கொள்ள யாரால் முடியும்? கணினியாலும் முடியாது. அதன் முதல் கட்டளையை வேறொருவர் முன்கூட்டியே உள்ளே வைத்திருக்கிறார். நாம் கேட்பதற்கு முன்பே நம்மை முந்திக்கொண்டு வரும் இறையருளும் அத்தகையதே.

1969 ஜூலை 20 அன்று ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது, அவர்களது கலத்தின் கணினி 1202 என்ற எச்சரிக்கை எண்ணைக் காட்டியது. ரேடார் ஒன்றிலிருந்து வந்த தேவையற்ற குறிகைகளால் அதற்குத் தாங்க முடியாத வேலைச்சுமை. அது தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொண்டது. ஒரு முறையல்ல, பல முறை. ஒவ்வொரு முறையும் முக்கியமல்லாத வேலைகளைக் கைவிட்டு, கலத்தை வழிநடத்தும் வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அதன் நிரந்தர நினைவகம், தொழிற்சாலைப் பெண்கள் செம்புக் கம்பிகளைக் கையால் கோத்து நெய்தது. மின்சாரமே நின்றாலும் அதில் உள்ளது அழியாது. கலம் பத்திரமாகத் தரையிறங்கியது.

எலியாவிடம் திரும்புவோம். வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, அறிவுரை சொல்லவுமில்லை. தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுக்கிறார். எலியா உண்டுவிட்டு மீண்டும் படுத்துவிடுகிறார்! வானதூதர் பொறுமையாக இரண்டாம் முறை தட்டி எழுப்புகிறார். அந்த உணவின் வலிமையால் அவர் நாற்பது நாள் நடந்து ஓரேபை அடைகிறார். அங்கே கடவுள் அவரை வந்த வழியே திருப்பி அனுப்புகிறார். நாட்டையே ஒரே நாளில் மாற்றும் சுமையை அவர்மேல் வைக்காமல், மூன்று பேரைத் திருப்பொழிவு செய்யும் பணியைத் தருகிறார். அவர்களில் ஒருவர் எலிசா. இனி எலியாவோடு நடக்கத் துணை உண்டு. தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாக நினைத்தவரிடம், பாகாலை வணங்காதவர் இன்னும் 7,000 பேர் உண்டு என்கிறார்.

நேயர்களே, மனிதர் இயந்திரமல்லர். ஒரு பொத்தானை அழுத்தியதும் நம் காயங்கள் மறைந்துவிடா. ஆனாலும் திருமுழுக்கில் கடவுள் நம்முள் பதித்த முத்திரை எந்த இருட்டிலும் அழிவதில்லை. திரும்பத் தொடங்கும் இடம் அதுவே. சுமை தாங்காதபோது சில வேலைகளை இறக்கி வைப்பது பாவமல்ல. தூங்குங்கள், சாப்பிடுங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், இன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: வீட்டாரிடம், மருத்துவரிடம், உங்கள் பங்குத்தந்தையிடம். கடவுளிடமே அதைச் சொன்னவர் எலியா, அவர் தள்ளப்படவில்லை.

பிறர் 'போதும்' என்று சொல்வதைக் கேட்பவர்களே, முதலில் போதனையோடு போகாதீர்கள், உணவோடு போங்கள். ஒரு முறை போய்ப் பலனில்லையென்றால் இரண்டாம் முறையும் போங்கள். வாழ்வு தரும் உணவு நானே என்று இன்றைய நற்செய்தியில் அறிவிக்கும் இயேசு, ஒவ்வொரு திருப்பலியிலும் நமக்கு அப்படித்தான் வருகிறார்.

ஆண்டவரே, களைத்துக் கிடப்போரைத் தொட்டு எழுப்பியருளும். பயணத்திற்கு வேண்டிய உணவை இன்று அவர்களுக்குத் தாரும். ஆமென்.