ஆள் சேர்ப்போரிடம் எச்சரிக்கை
(பினாங்கு, ஜோர்ஜ்டவுனில் தோட்டத் தொழிலாளரிடையே ஆற்றிய உரை)



இந்தப் பினாங்குத் துறைமுகம் நம் முன்னோர் பலர் கப்பலை விட்டு இறங்கிய இடமாகும். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் இங்கிருந்து செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் அனுப்பப்பட்டனர். ஒப்பந்தக் கூலி முறையில் வழிச்செலவுக்கென்று கொடுத்த முன்பணமே அவர்களைக் கட்டிய கயிறு. அது கூலியில் பிடிக்கப்பட்டது. ஒப்பந்தத்தை மீறினால் சிறையும் உண்டு. அம்முறை 1910ஆம் ஆண்டில் ஒழிந்தது.

கங்காணி முறையோ அதன் பின்னும் நீடித்தது. கங்காணி அந்நியன் அல்லன். சொந்த ஊர்க்காரன், மாமன் மைத்துனன் என்று உறவு சொல்லக்கூடியவன். ஆதலால் அவன் சொல் எளிதில் எடுபட்டது. அவன் கொண்டுவந்த ஆள்களின் தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குக் காசு உண்டென்பதை ஊரில் எத்தனை பேர் அறிந்திருப்பர்? பின்னாளில் கங்காணிக்கு உரிமச் சீட்டு வேண்டும், கிராம முன்சீப்பின் ஒப்புதல் வேண்டும் என்றெல்லாம் விதிகள் வந்தன. 1938இல் இந்திய அரசாங்கம் இவ்வகையில் ஆள் அனுப்புவதையே தடுத்துவிட்டது.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 2022ஆம் ஆண்டில் கம்போடியாவிலும் மியன்மாரிலும் மலேசிய இளைஞர் பலர் சிக்கிய செய்தி வெளிவந்ததே, அதற்காகத்தான். நல்ல சம்பளம், இலவச விமானச் சீட்டு, படிப்பு தேவையில்லை என்று கைப்பேசியில் வந்த விளம்பரத்தை அவர்கள் நம்பினர். சுற்றுப்பயணி போலத் தாய்லாந்துக்குள் நுழைந்து, ஆற்றைக் கடந்து மியன்மாருக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களும் உண்டு. அங்கே கடப்பிதழ் பறிக்கப்பட்டது. பிறரைத் தொலைபேசியில் ஏமாற்றிப் பணம் பறிக்கும் தொழிலில் அடைக்கப்பட்டனர். விடுதலைக்கு வீட்டாரிடம் பெருந்தொகை கேட்கப்பட்டது. இதனினும் கொடியது ஒன்று: சிக்கியவர்களையே தம் நண்பர்களை அழைக்கும்படி நெருக்கினர். எனவே அழைப்பவர் உங்கள் சிற்றப்பா மகனாகவே இருந்தாலும், அவர் சொந்த மனத்தோடுதான் அழைக்கிறாரா என்பது ஐயத்துக்குரியது.

உள்நாட்டு வேலையிலும் இத்தகையோர் உண்டு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இடம் இருக்கிறது, பதிவுக்கு முன்னூறு வெள்ளி கட்டு என்பார்கள். "இன்னும் இரண்டே இடம், இன்றிரவே முடிவு சொல்" என்று அவசரப்படுத்துவார்கள். ஆள் வேண்டிய தொழிற்சாலை ஓர் இரவில் கதவை மூடிவிடுவதில்லை. "வீட்டாரைக் கேட்டு நாளை சொல்கிறேன்" என்று கூறிப் பாருங்கள். அதற்கே சினம் கொள்பவனிடம் மேலும் பேச வேண்டியதில்லை. சம்பளம் போடுவதற்கென்று வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் கேட்பவனிடம் அவற்றை ஒருபோதும் கொடுக்கலாகாது. உங்கள் கணக்கில் திருட்டுப் பணம் புழங்கினால் போலீஸ் முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

1981ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டப்படி, உரிமம் இன்றி ஆள் சேர்ப்பவருக்கு இரண்டு இலட்சம் வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உரிம எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு தொழிலாளர் இலாகாவில் விசாரியுங்கள். கேட்பதில் வெட்கம் ஏதும் இல்லை. நேர்மையான முகவர் தாமே எடுத்துக் காட்டுவார். சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் சேவையில் வேலை தேடக் கட்டணம் கிடையாது. கைப்பேசியில் பதிவு செய்யத் தெரியாத பெற்றோர் பள்ளி முடித்த பிள்ளைகளைக் கொண்டு செய்துகொள்ளலாம்.

பணம் அனுப்பிவிட்ட பின் ஏமாற்றம் தெரிந்தால் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள். தாமதித்தால் பணம் வேறு கணக்குகளுக்கு மாறிவிடும். பிள்ளை வெளிநாட்டில் சிக்கியிருந்தால், ஊரார் என்ன சொல்வார்களோ என்று மறைக்காமல் போலீஸ் நிலையம் செல்லுங்கள். கடப்பிதழின் நகல், பயணச் சீட்டு விவரம், ஆள் சேர்த்தவன் அனுப்பிய செய்திகள், பணம் கட்டிய இரசீது ஆகியவற்றை அழிக்காமல் உடன் கொண்டு செல்லுங்கள்.