டிராயர்ல செத்துப்போன ரெண்டு டார்ச்

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டப்போ எங்க தெருவுல ரெண்டு நாள் கரண்ட் இல்லை. டிராயர்ல ரெண்டு டார்ச் இருந்தது. ரெண்டுமே எரியலை. அம்மா மொபைல் வெளிச்சத்துல மாடிப்படி இறங்கினாங்க. அதுல 11% சார்ஜ்தான் மிச்சம். வெளியூர்ல இருக்கிற அண்ணன்கிட்ட பேசவும் அந்த ஒரு மொபைல்தான். 'ரீஸ்டோர் பண்ணிப் பார்க்காத பேக்கப், பேக்கப்பே இல்லை'ன்னு ஆபீஸ்ல ஜூனியர்களுக்கு கிளாஸ் எடுக்கிற ஆள் நான். வீட்டுல அதே தப்பைத்தான் பண்ணி வெச்சிருந்தேன்.

தண்ணி வடிஞ்சதும் ரெண்டையும் பிரிச்சுப் பார்த்தேன்.

முதல் டார்ச், பின்னாடி இருக்கிற பின்னை இழுத்து நேரா பிளக்ல சொருகுற ரகம். உள்ளே இருந்தது ஈய-அமில பேட்டரி, பைக்ல இருக்கிற அதே வகை, சின்ன சைஸ். சும்மா வெச்சாலும் அதுல சார்ஜ் இறங்கிக்கிட்டே இருக்கும். காலியாவே கிடந்தா தகடுல சல்ஃபேட் படிஞ்சு இறுகிடும். அப்புறம் எவ்வளவு நேரம் பிளக்ல வெச்சாலும் ஏறாது. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டிருந்தா பிழைச்சிருக்கும். யார் போட்டா?

ரெண்டாவது, மூணு ஏஏஏ செல் போடுற மலிவு டார்ச். ஏன் மூணு? வெள்ளை எல்இடி எரிய சுமார் 3 வோல்ட் வேணும். ஒரு செல் 1.5 தான். மூணை வரிசையா கோர்த்தா 4.5, ஒரு ரெசிஸ்டரைப் போட்டா வேலை முடிஞ்சது, சர்க்யூட் செலவே இல்லை. பிரச்சினை என்னன்னா, மூணும் ஒரே நேரத்துல தீராது. முதல்ல தீர்ந்த செல் வழியா மத்த ரெண்டும் கரண்ட்டைத் தள்ளும். அது தலைகீழா சார்ஜ் ஆகி, கடைசியில கசியும். என் டார்ச்ல ஸ்பிரிங் முழுக்க வெள்ளையா பூத்திருந்தது.

அதனால இப்போ நான் முதல்ல பார்க்கிறது லூமன் இல்லை. ஒரு வருஷம் தொடாம வெச்சா இதுக்குள்ள இருக்கிற செல் என்ன ஆகும்? அதுதான் கேள்வி.

டார்ச் பைத்தியங்கள் எல்லாரும் 18650 லித்தியம் செல் பக்கம்தான். 18 மில்லிமீட்டர் அகலம், 65 நீளம், பேருலயே அளவு இருக்கு. ஒரு ரீசார்ஜ் ஏஏ செல்லைவிட நாலு மடங்குக்கு மேல சக்தி. சார்ஜும் சீக்கிரம் இறங்காது. ஆனா எலக்ட்ரானிக் பட்டன் இருக்கிற டார்ச், அணைஞ்சிருக்கும்போதும் துளித்துளியா உறிஞ்சும். பல மாடல்ல பின்மூடியைக் கால் சுத்து தளர்த்தி வெச்சா நின்னுடும். ஆன்லைன்ல 9,900 எம்ஏஎச்னு போட்டு ஒரு செல் வரும். வாங்கிடாதீங்க. பேர் பெற்ற கம்பெனி செல்லே 3,500 பக்கம்தான். மலை ஏறப் போறப்போ நானும் 18650 தான் எடுத்துட்டுப் போறேன்.

வீட்டுக்கு? ஒரே ஒரு ஏஏ போடுற டார்ச். 1.5 வோல்ட்டை 3க்கு ஏத்த உள்ளே பூஸ்ட் சர்க்யூட் வேணும், அதனால விலை கொஞ்சம் கூட. ஆனா ஒத்தை செல், தலைகீழ் சார்ஜ் தொல்லை கிடையாது. சார்ஜ் சீக்கிரம் இறங்காத நிக்கல் செல் போட்டிருக்கேன். 2005ல சான்யோ எனலூப்னு கொண்டு வந்த வகை. அதுவும் தீர்ந்தா தெருமுனை பெட்டிக்கடைல ஏஏ கிடைக்கும். கரண்டே இல்லாத ராத்திரியில 18650ஐ எங்கே போய் சார்ஜ் பண்றது?

ஒரு எச்சரிக்கை: 14500னு ஒரு லித்தியம் செல், அச்சு அசலா ஏஏ சைஸ்லயே இருக்கும். ஆனா 3.7 வோல்ட். அதுக்குன்னு செய்யாத டார்ச்ல போட்டா சர்க்யூட் காலி.

பட்டனையும் பாருங்க. முதல்ல நான் வாங்கின ஒண்ணுல ஐந்து மோட். அம்மா ரெண்டு தடவை அமுக்கினாங்க, பளிச் பளிச்னு மின்ன ஆரம்பிச்சது. "என்னடா, கல்யாண மண்டபம் சீரியல் செட்டா?"ன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. இப்போ இருக்கிறதுல மங்கல், பிரகாசம், அவ்வளவுதான். ஜூம் லென்ஸும் வேண்டாம். ரூமுக்குள்ள ஒரு வட்டம் மட்டும் பளீர்னு தெரிஞ்சு என்ன பண்ண? மேலே கூரையைப் பார்த்து நிக்க வெச்சா, 50 லூமன்லயே உட்கார்ந்து சாப்பிடலாம்.

இதைக் கேட்டுட்டு உங்க வீட்டு டார்ச்சைத் திறந்து பாருங்க. ஆல்கலைன் செல் கசிஞ்சு வெள்ளையா பூத்திருந்தா வெறும் கையால தொடாதீங்க, அது காரம். செல்லை எடுத்துட்டு, பட்ஸ்ல ரெண்டு சொட்டு வினிகர் தொட்டுத் துடைங்க. ஸ்பிரிங் துருப்பிடிக்காம இருந்தா டார்ச் பிழைச்சுக்கும்.